மேல் கட்டிலில் ஒரு பூத்துண்டு

வைகாசிக் கடைசியில் தாம்பரம் பக்கம் ஒரு கிரகப்பிரவேசம். என் சித்தி மகளின் புது ஃப்ளாட். வந்திருந்த பெண்களெல்லாம் மாடுலர் கிச்சனைச் சூழ்ந்து நின்று டிராயரை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தார்கள். ஆண்கள் வழக்கம்போல பால்கனியில் நின்று, ஸ்டேஷன் எவ்வளவு தூரம், தண்ணீர் உப்பா நல்லதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

நான் எங்கே இருந்தேன் தெரியுமா?

குழந்தைகள் அறையில். பங்க் பெட்டின் மேல் தட்டில். பட்டுப்புடவையோடு மல்லாந்து படுத்துக்கொண்டு!

சாப்பிடக் கூப்பிட வந்த தங்கை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா... அங்க இன்னாக்கா பண்ற?"

"உருண்டு பாக்கறேன்டி."

"உருண்டா?"

"தூக்கத்துல புரண்டா இந்தக் கம்பி தடுக்குமா, இல்ல நேரா கீழ தானான்னு..."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அவள் மாமியார். அவர் பார்த்த பார்வை இருக்கிறதே... இறங்கும் அவசரத்தில் புடவைக் கொசுவம் ஏணியில் மாட்டிக்கொண்டு நான் தொங்கிய கதையை விட்டுவிடுங்கள். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் யாரும் உட்காரவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இந்த இதழில் என் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றித் தெரியும். ஒரு விஷயம் மண்டைக்குள் புகுந்துவிட்டால் என்னால் உட்கார முடியாது, நிற்க முடியாது. அடுப்பில் பால் பொங்கும். நான் வாசலில் நின்று வேறு எதையோ யோசித்துக்கொண்டிருப்பேன். அப்படி இந்த முறை புகுந்தது கட்டில்.

ஏன் கட்டில்? அதற்கு எங்கள் ஊர்க் கஷ்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

காஞ்சிபுரத்தில் ஒரு வீடு கட்டிவிட்டால் அது உங்கள் வீடு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சொந்தபந்தத்தில் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும், முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள் வந்து இறங்குகிற இடம் அது. காலையில் வேன் வந்து நிற்கும். முகம் கழுவி, டிபன் சாப்பிட்டு, கடை ஏறி, பகல் முழுவதும் புடவை பார்த்து, சாயங்காலம் திரும்பி வந்து, எடுத்த புடவையைப் பிரித்துப் பிரித்துக் காட்டி, அப்படியே தங்கி, மறுநாள் காமாட்சியம்மனைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். போதாக்குறைக்கு என் வீட்டுக்காரர் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் சேல்ஸ்மேன். கேட்க வேண்டுமா? எங்களுக்கு உறவு என்றே தெரியாதவர்கள்கூட உறவு சொல்லிக்கொண்டு வருவார்கள்.

வரட்டும். வேண்டாம் என்றா சொல்கிறோம்? ஆனால் செவிலிமேட்டில் நாங்கள் கட்டியிருப்பது சத்திரம் இல்லையே. ஒரு ஹால், இரண்டு சின்ன ரூம். அதில் ஒன்று பிள்ளைகளுடையது. ஐந்தாவது படிக்கிற வர்ஷினி, யூகேஜி படிக்கிற குகன். இரண்டு கட்டில் போட்டால் கதவு திறக்காது. அதனால் கோரைப்பாயும் மெத்தையும். பாய்தானே, சுருட்டி வைத்தால் ரூம் காலி. ரூம் காலியானால்? விருந்தாளிக்கு.

இந்த வைகாசியில் ஒரு கூட்டம் வந்தது. வர்ஷினி பள்ளிக்கூடத்துக்காக அட்டையில் ஒரு வீடு செய்து ரூம் மூலையில் காய வைத்திருந்தாள். யாரோ பெட்டியை நகர்த்தியதில் அது நசுங்கிவிட்டது. யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான் சண்டைக்காரி ஆகிவிடுவேன். ஏற்கெனவே அந்தப் பெயர் இருக்கிறது.

அன்று ராத்திரி சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தபோது வர்ஷினி தலையணையோடு வந்து நின்றாள்.

"அம்மா, நான் எங்க படுக்கணும்?"

"ஹால்ல படுத்துக்கோமா."

"ஹால்ல பெரியப்பா படுத்துக்கினு இருக்காரு."

"அப்போ எங்க ரூம்ல."

"அங்க சின்னத்த."

கையில் சாம்பார் வாளியோடு நான் யோசித்தேன். அவள் காத்திருந்தாள். அப்புறம், கோபமே இல்லாமல், சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள்:

"நம்ம வீட்ல என் எடம் எதும்மா?"

சுருக்கென்று இருந்தது. அழுதிருந்தால்கூட சமாதானம் சொல்லியிருப்பேன்.

பங்க் பெட் யோசனையும் அவளுடையதுதான். தோழி வீட்டில் பார்த்தாளாம். "கீழ குகன். மேல நானு. மேலன்னா யாரும் கேக்க மாட்டாங்கம்மா. அத்தைங்களுக்கு எல்லாம் முட்டி வலி. ஏற மாட்டாங்க."

என்ன ஒரு கணக்கு பாருங்கள்! பெரியவர்களின் முட்டி வலியை நம்பி ஒரு குழந்தை தன் இடத்தைத் திட்டம் போடுகிறது. சரி என்று சொல்லிவிட்டேன். ஆவணியில் என் நாத்தனார், அதாவது இவருடைய அக்கா, வந்தவாசியிலிருந்து மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வருவதாக இருந்தார். அதற்குள் கட்டில் வந்துவிட வேண்டும் என்று வர்ஷினிக்கு வாக்குக் கொடுத்தேன்.

வாக்குக் கொடுத்த மறு நிமிஷம் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மேலே என்றால்... விழுந்தால்?

அன்றிலிருந்து ஆரம்பித்தது என் அலைச்சல். ஹேண்ட்பேக்கில் ஒரு இஞ்ச் டேப். போனில் எதைத் தேடினாலும் கட்டில் விளம்பரம். டவுன் பஸ்ஸில் ஏறினால் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறேன், கண்டக்டர் முறைக்கிறார். தங்கை வீட்டில் உருண்டதும் அந்தச் சமயத்தில்தான்.

முதலில் ஒரு பெரிய ஃபர்னிச்சர் கடைக்குப் போனோம். நான் கடையைப் பார்த்தேன்; இவர் அங்கிருந்த சேல்ஸ்மேனைப் பார்த்தார். அவ்வளவுதான், காரியம் கெட்டது. ஒரு சேல்ஸ்மேனின் கஷ்டம் இன்னொரு சேல்ஸ்மேனுக்குத்தானே தெரியும்? நான் "வேற காட்டுங்க" என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் இவர் என் முழங்கையை இடித்தார்.

"பாவம்மா, காலையில இருந்து நின்னுக்கினு இருப்பாரு."

"அவர் நிக்கட்டும்ங்க. உங்க பொண்ணு படுக்கணும்."

இவர் கட்டிலைப் பரிசோதித்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். ஓரத்தை நகத்தால் சுரண்டினார். ஜரிகையாம்! பாலிஷ் போகிறதா என்று பார்த்தார். கொஞ்சம் தள்ளி நின்று தலையைச் சாய்த்து, "கலர் நல்லா இருக்குது, வெளிச்சத்துல இன்னும் எடுப்பா இருக்கும்" என்றார். அந்த சேல்ஸ்மேனும் மகிழ்ந்துபோய், "சார் கரெக்டா சொல்றாரு" என்றார். இரண்டு பேரும் டீ சாப்பிடப் போகாததுதான் பாக்கி.

நான் ஏணியில் கால் வைத்தேன்.

"மேடம், ஏறக்கூடாது. டிஸ்ப்ளே பீஸ்."

"ஏறாம எப்பிடிங்க தெரியும்? பட்டுக் கடையில புடவைய மேல போட்டு கண்ணாடியில காட்டறாங்க இல்ல?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஏறிவிட்டேன். ஏணிப் படி ஒல்லிக் குழாய், உள்ளங்காலை அறுத்தது. ஒரு பிள்ளை தூக்கக் கலக்கத்தில் பாத்ரூம் போக இறங்கினால் எப்படி நிற்கும்? மேலே பக்கக் கம்பி பார்வைக்கு நல்ல உயரம். "மெத்தை எங்கே?" என்று கேட்டேன். ஃப்ரீயாகத் தருகிறார்களாம், நல்ல கனமான மெத்தை. கொண்டுவந்து போடச் சொன்னேன். போட்டார்கள். கம்பி காணாமல் போய்விட்டது!

நாலு விரல் உயரம்தான் மிச்சம். மெத்தைமேல் படுத்துக் கொஞ்சம் புரண்டேன். பாதி உடம்பு வெளியே.

"மேடம், பசங்க உங்க அளவுக்குப் புரள மாட்டாங்க" என்றார் சேல்ஸ்மேன்.

என் பிள்ளைகளை அவர் பார்த்ததில்லை. தெற்கே தலை வைத்துப் படுத்தால் வடக்கே எழுந்திருக்கிற ஜாதி. பேசாமல் இறங்கி வந்துவிட்டேன். இவர் மட்டும் நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

அடுத்தது வெல்டிங் பட்டறை. பட்டறை வைத்திருக்கும் மூர்த்தி அண்ணன் எங்கள் தெருவுக்கெல்லாம் கேட் செய்து கொடுத்தவர். "இரும்புல போட்டுரலாம்மா. யானை ஏறினாலும் அசையாது" என்றார். யானை வேண்டாம், என் பெண் ஏறினால் போதும் என்றேன்.

"சைடு தடுப்பு மட்டும் எங்கிட்ட வுட்டுருங்க. சூப்பரா ஒரு டிசைன் வெச்சிக்கிறேன். கோபுர பார்டர்!"

எங்கள் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. வெளியூர்க்காரர்கள் உங்கள் பட்டுப்புடவையை எடுத்துப் பாருங்கள். பார்டரிலிருந்து முக்கோணம் முக்கோணமாக மேலே கூம்பி நிற்கும், வரிசையாக. அதுதான். புடவையில் அழகோ அழகு. அதையே இரும்பில் செய்து, கூர் மேலே பார்க்க, குழந்தை தலை வைக்கிற இடத்தில் வரிசையாக நட்டால்?

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"ஐயோ, பிரமாதமா இருக்கும்ணே. கீழ ஒரு மாங்கா வரிசை குடுத்துருங்க."

என் வீட்டுக்காரர்தான்! பகல் முழுவதும் பார்டரும் முந்தியும் பார்க்கிற கண். அதற்கு இரும்பும் பட்டு. மூர்த்தி அண்ணன் உற்சாகமாகிவிட்டார். மாங்காய்க்கு நடுவில் அன்னம் வைக்கலாமா என்று இரண்டு பேரும் தரையில் சாக்பீஸால் வரைய ஆரம்பித்தார்கள்.

"இருங்க!" என்று ஒரு சத்தம் போட்டேன். பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர்கூட கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "மேல குத்துது. மாங்கா நடுவுல தல பூந்துக்கும். அன்னத்துக் கழுத்துல சட்ட மாட்டும். இது கட்டிலா, கழுமரமா?"

"என்னம்மா நீங்க... பாக்கறவங்க கேப்பாங்களே, எங்க செஞ்சதுன்னு."

"பாக்கறவங்க ஹால்ல உக்காரட்டும்ணே. எனக்கு மொழுமொழுன்னு நேர்க் கம்பி போதும். நடுவுல தலையும் பூரக் கூடாது, உடம்பும் பூரக் கூடாது. மெத்த போட்டதுக்கு மேல ஒரு சாண் தெரியணும். மெத்த மெலிசு தான். ஏணிப் படி அகலப் பட்டை."

"இவ்ளோ பிளெய்னாவா?" என்றார் இவர் பரிதாபமாக.

பிளெய்னாகத்தான். இரண்டு பேருக்கும் முகம் தொங்கிவிட்டது. இருந்தாலும் மூர்த்தி அண்ணன் சொன்னபடி செய்தார். ஆடி முடிவதற்குள் கட்டில் வந்தது. ஜன்னல் ஓரம் வேண்டாம், பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள் என்று உள்சுவரோடு ஒட்டிப் போட்டோம். நாலு இடத்தில் சுவரில் போல்ட். மூர்த்தி அண்ணனையே ஏணியில் ஏறித் தொங்கி ஆட்டச் சொன்னேன். மனுஷன் நல்ல கனம். கட்டில் முனகவில்லை. அவர் இறங்கின உடனே வர்ஷினி தன் பூப்போட்ட துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகப் போடுவோமே, அந்த மாதிரி கீழேயிருந்தே மேல் தட்டில் வீசினாள்.

"இங்க ஆள் வருது!"

எல்லாரும் சிரித்தோம். சரசரவென்று ஏறினாள். உட்கார்ந்தாள். அவள் முடி பறந்தது.

முடி ஏன் பறக்கிறது?

நான் அண்ணாந்து பார்த்தேன். சீலிங் ஃபேன்! குழந்தை கையை நீட்டினால் இறக்கை. நின்றால் கழுத்து.

"வர்ஷினி, படு! படு! எழுந்துக்காத! ஃபேன ஆஃப் பண்ணுங்க!"

குகன் தான் ஓடிப் போய் சுவிட்சை அணைத்தான். ஃபேன் நிற்கும்வரை அவள் மெத்தையோடு மெத்தையாகக் கிடந்தாள். 

கேளுங்கள். நீளம் அளந்தோம், அகலம் அளந்தோம், கம்பி இடைவெளி அளந்தோம், கீழே உட்காருகிறவன் தலை இடிக்காமல் இருக்கத் தட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்தச் சொன்னதும் நானே. கீழே இருப்பவனுக்கு இடம் விட்டால் மேலே இருப்பவளுக்கு அது குறையும் என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அண்ணாந்து பார்க்கவே இல்லை! கடையில் பார்த்த கட்டில்களுக்கு மேலே ஃபேன் இல்லை, ஏசி. வீடியோவில் பார்த்த வீடுகளில் ஃபேனே இல்லை. நம் வீட்டில் இருக்கிறதே!

"ஸ்பீட ஒண்ணுல வெச்சிக்கலாம்மா" என்றார் மூர்த்தி அண்ணன்.

"பழகிடும்" என்றார் இவர்.

நான் திரும்பிப் பார்த்த பார்வையில் இரண்டு பேரும் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார்கள். ஒரே நேரத்தில். சாயங்காலமே சீலிங் ஃபேன் இறங்கியது. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், கை எட்டாத உயரத்தில், கூண்டு போட்ட ஃபேன் ஒன்று மாட்டினோம். அது கழுத்தைத் திருப்பித் திருப்பி இந்தப் பக்கம் ஒரு முறை அந்தப் பக்கம் ஒரு முறை காற்று விடுகிறது. குகன் அதற்கு வாட்ச்மேன் என்று பேர் வைத்திருக்கிறான்.

அப்புறமாவது நிம்மதியா? எங்கே! தினமும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் நான் ஸ்பேனரோடு உள்ளே போவேன். ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்ப்பேன். எதுவும் லூஸ் ஆகியிருக்காது. இருந்தாலும் மறுநாள் போவேன். குகன் மேலே ஏறக்கூடாது, இன்னும் சின்னவன். மேலே ஒருவர்தான். மேலே குதிக்கக்கூடாது. கம்பியில் துப்பட்டா, கயிறு எதையும் கட்டித் தொங்கவிடக்கூடாது. இதையெல்லாம் நான் சொல்லிச் சொல்லி, வர்ஷினி என் குரலிலேயே குகனிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

ஆனால் ஒன்று. அந்த மேல் தட்டில் அவள் இருப்பதைப் பார்க்க வேண்டுமே! சுவரில் ஸ்டிக்கர். தலைமாட்டில் லைப்ரரி புத்தகம். புதிதாக ஒரு அட்டை வீடு, அதற்குள் இன்னும் சின்னதாக ஒரு கட்டில். நான் ரூமுக்குள் போனால், "'மேல வரலாமா'ன்னு கேளும்மா" என்பாள். கேட்டுக்கொண்டுதான் போவேன். ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

போன வாரம் என் நாத்தனார் வந்தார்.

வேன் நிறைய ஜனம். இவர் கடையில்தான் புடவை. இவரே விரித்துக் காட்டினார். அக்கா மகள் பவித்ராவுக்கு அரக்கில் முகூர்த்தப் புடவை. அதற்கு கோபுர பார்டர்! இவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அப்புறம் சம்பந்திக்கு, மாமிகளுக்கு, அத்தைகளுக்கு என்று ஒரு பெரிய குவியல். எல்லாவற்றையும் காமாட்சியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்து எடுத்துக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தோம். வேன் கிளம்பிவிட்டது. புடவைக்குக் குஞ்சம் கட்ட வேண்டும் என்பதால் நாத்தனாரும் பவித்ராவும் மட்டும் தங்கினார்கள். கீழ்க் கட்டில் நாத்தனாருக்கு, பக்கத்தில் மெத்தை போட்டு பவித்ரா, குகன் எங்களோடு. மேலே வர்ஷினி. கச்சிதம்!

நான் சேமியா கிளறப் போய்விட்டேன்.

கடாயில் கடுகு வெடிக்கும்போது பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. வர்ஷினி. ஒரு கையில் தலையணை. இன்னொரு கையில் பூத்துண்டு, அட்டை வீடு எல்லாம்.

"அம்மா, நான் எங்க படுக்கணும்?"

அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

மேல் தட்டு முழுவதும் புடவை. அட்டைப்பெட்டிகளாக, வரிசையாக, நிறம் பார்த்து அடுக்கியிருந்தது. அரக்கு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம், மாம்பழ மஞ்சள் நடுவில். யார் வேலை என்று கேட்க வேண்டுமா? இவர் ஏணியில் நின்று கடைசிப் பெட்டியை நேர் செய்துகொண்டிருந்தார். காலம் பூராவும் ரேக்கில் புடவை அடுக்குகிற கை. ஒரு தட்டும் அதற்கு ஒரு தடுப்பும் கண்ணில் பட்டால் சும்மா இருக்குமா?

"பாரேன், அளவு எடுத்து செஞ்ச மாதிரி உக்காந்துருச்சி" என்றார். பெருமை வேறு!

"ஏங்க, அது புள்ள படுக்கற எடம்."

நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னார். கெட்டவர் இல்லை, பிள்ளைகள்மேல் உயிர். "அம்மன்கிட்ட வெச்சி எடுத்துனு வந்த புடவமா. கால் படற எடத்துல வெக்கலாமா? பரண்ல எலி இருக்குதுன்ற. பீரோ ரொம்பிக் கெடக்குது. வீட்லயே இது தான் ஒசரம். ஒரு ராத்திரி தானே... கண்ணு, நீ அத்தைகிட்ட வந்து படுத்துக்கோடா."

வர்ஷினி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான்.

 எனக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையாகவும் வந்தது. கடை கடையாக அலைந்தேன். ஊரான் வீட்டுக் கட்டிலில் உருண்டேன். கோபுரத்தை இடித்தேன், ஃபேனை இறக்கினேன். எல்லாம் எதற்கு? அந்தத் தடுப்புக் கம்பிக்குப் பின்னால், விழுந்தாலும் அடிபடாத புடவைகள் பத்திரமாகப் படுத்திருக்கின்றன. என் பெண் தலையணையோடு நிற்கிறாள்.

"இறங்குங்க" என்றேன் இவரிடம்.

"இன்னாமா?"

"இறங்குங்கன்றேன்."

இறங்கினார். நான் ஏறினேன். ஒரு பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"ஏம்மா, தரையிலயா வெக்கப் போற?" நாத்தனார் பதறிப் போனார். "கல்யாணப் புடவமா!"

"தரையில ஏன் அண்ணி வெக்கறேன்? எங்க கட்டில்ல வெக்கறேன். புது பெட்ஷீட் போட்டு. பெரிய கட்டிலு, தாராளமா படுக்கும்."

"அப்போ நீங்க ரெண்டு பேரும்?"

"ஒரு ராத்திரி தானே அண்ணி? நாங்க கீழ படுத்துக்கறோம்."

  நாத்தனார் முகம் சுருங்கிவிட்டது. "நான் ஒண்ணும் தப்பா சொல்லலியே... ஒரு சின்னப் பொண்ணுக்காக இவ்ளோவா?" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. எனக்கும் சங்கடம்தான். ஆனால் எடுத்த பெட்டியை மறுபடி வைக்கக் கை வரவில்லை.

அப்போதுதான் பவித்ரா எழுந்து வந்தாள். கல்யாணப் பெண். அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அடுத்த பெட்டியை வாங்கக் கையை நீட்டினாள்.

"வுடும்மா. அது அவ எடம்." பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னாள்: "நம்ம வீட்ல நான் ஒரு நாளாச்சும் என் எடத்துல படுத்துருக்கனா? யார் வந்தாலும் 'பவி, நீ ஹாலுக்குப் போ' தான். இப்போ அந்த வீட்டுக்கும் போப் போறேன். அங்க எது என் எடம்னு அவங்க சொன்னா தான் தெரியும்."

 வாட்ச்மேன் ஃபேன் திரும்பித் திரும்பிப் பார்த்தது. நாத்தனார் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "குடு" என்று அவரும் கையை நீட்டினார். நான் மேலே, பவித்ரா ஏணியில், நாத்தனார் கீழே, இவர் வாசலில். கைமாற்றிக் கைமாற்றிப் புடவையெல்லாம் எங்கள் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

வர்ஷினி ஏறினாள். துண்டை விரித்தாள். அட்டை வீட்டை அதன் மூலையில் வைத்தாள்.

"நானும் மேல வரலாமாடி?" என்று கேட்டாள் பவித்ரா.

வர்ஷினி தீவிரமாக யோசித்தாள். "மேல ஒருத்தர் தான் படுக்கணும், பவிக்கா. ரூலு."

பவித்ராவின் முகம் விழுவதற்குள், "உக்காந்து பேசலாம்" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

சாப்பிடக் கூப்பிடும்வரை இரண்டு பேரும் மேலே உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அது அவள் இடம்.

மறுநாள் காலையில் எங்கள் கட்டிலில் பட்டுப்புடவைகள் ஜம்மென்று படுத்திருந்தன. கீழே கோரைப்பாயில் கழுத்துப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர். அவரால் ஒரு பக்கம்தான் திரும்ப முடிந்தது. நாத்தனார் காபி குடித்துக்கொண்டே, வந்தவாசி வீட்டு மாடியில் ஒரு ரூம் கட்ட வேண்டும், பவித்ரா வந்து போனால் படுக்க, என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் ரூமுக்குப் போனேன். பவித்ரா ஏறி இறங்கியிருக்கிறாளே, நட்டு கிட்டு லூஸாகியிருந்தால்?

அப்போது என் போன் அடித்தது, கையில் ஸ்பேனர் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். ஆரணியிலிருந்து இவருடைய பெரியம்மா மகன். "தம்பிக்குத் தை மாசம் முகூர்த்தம் வெச்சிருக்கோம்மா. புடவ எடுக்க வரோம். ஒரு எட்டு பேரு தான். வீட்ல எடம் இருக்குது இல்ல?"

நான் பதில் சொல்வதற்குள், தலைக்கு மேலே கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு தூக்கக் குரல் வந்தது:

"மேல ஆள் இருக்குதுன்னு சொல்லும்மா!"